வலிக்கு இரண்டு மார்க்

அந்த மருத்துவமனையில் காதுக்கு யோகம் அடித்தது, பெரிய சிஸ்டர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான். அதுவரை காது என்பது மூக்குக் கண்ணாடியின் காலை மாட்டவும், டாக்டர் திட்டுவதை வாங்கிக்கொள்ளவும் இருந்த உறுப்பு. மூன்று நாள் பயிற்சி முடிந்து அவர் திரும்பியபோது கையில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றும், பெட்டியில் நூறு அட்டைகளும் இருந்தன. அட்டையில் வரிசை வரிசையாக நகத்தளவு பிளாஸ்திரித் துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு விதை. அதைக் காது மடலில் குறித்த இடங்களில் ஒட்டி, நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு மூன்று நிமிடம், காது சூடேறும் வரை இரண்டு விரலால் அழுத்திவிட வேண்டும். காயத்தைக் கீறிச் சுத்தம் செய்வது போன்ற சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற வலி தணியும், மாத்திரை குறையும் என்பது படிப்பு.

இதில் பொய் ஒன்றும் இல்லை. முதுகில் கட்டி கீறிய பேக்கரிக்காரர் இரண்டு நாளாகக் குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் காலையில் சொன்னார்: "காதுல விதை போட்டீங்க சிஸ்டர், கண்ணுல தூக்கம் மொளைச்சிருச்சு."

விதை சின்னதுதான். அதற்குப் போட்ட பந்தல்தான் பெரிது. வார்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு காதுப் படம் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்த சிலர் சிறுநீரகம் என்று நினைத்து, அந்தப் பிரிவுக்குச் சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் காலிலும் ஓர் அட்டை. பூஜ்யம் முதல் பத்து வரை எண்கள். எண்களுக்கு மேல் சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஆறு முகங்கள். நோயாளி எண் சொல்ல வேண்டும், நர்சு எழுத வேண்டும். நான்கும் அதற்கு மேலும் சொன்னால் சர்ஜனைக் கூப்பிட வேண்டும். மூன்றும் அதற்குக் கீழும் சொன்னால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம்.

இதுவரை நல்ல ஏற்பாடுதான். பெரிய சிஸ்டர் அதற்கும் மேலே ஒரு படி ஏறினார். எந்த நர்சின் கையில் எத்தனை எண் குறைந்தது என்று வாராவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அன்றிலிருந்து நோயாளி தன் வலிக்குப் போட்ட மார்க், நர்சுக்குப் போட்ட மார்க்காகிவிட்டது.

அந்தப் பலகையில் எப்போதும் முதல் பெயர் ஒன்று உண்டு. வார்டில் அவள் சிஸ்டர், வீட்டில் மருமகள். நமக்கு மருமகள் என்பதே போதும். ஒப்பந்தத்தில் சேர்ந்து மூன்று வருஷம். காதுத் திட்டம் நன்றாக முடிந்தால் நிரந்தரம் என்று பெரிய சிஸ்டர் வாயால் சொல்லியிருந்தார். அவளுடைய கட்டைவிரல் கொஞ்சம் தடியானது, எப்போதும் சூடானது. சின்ன வயதில் அதை ஒளித்துவைத்துக்கொண்டு திரிந்தவள், இப்போது அந்த விரலால் பேர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மட்டும் அந்தப் பேர் செல்லவில்லை. அங்கே அத்தை இருந்தாள்.

அத்தைக்கு மீன் சந்தையில் கத்தியக்கா என்று பட்டம். கையிலிருந்த கத்தியால் வந்ததா, வாயிலிருந்த சத்தத்தால் வந்ததா என்று சந்தையில் இரண்டு கட்சி உண்டு. இருபத்தெட்டு வருஷமாக ஒரே பலகை, ஒரே இடம். மீனை வால் பிடித்துப் போட்டால் செதில் பறக்கும், செவுள் போகும், வயிறு பிளக்கும். வாங்குகிறவர் பையை விரிப்பதற்குள் துண்டு தயார். கடையில் மீன் வாங்கிவிட்டு, வெட்டுவதற்கு இவளிடம் வந்து வரிசையில் நிற்பார்கள். புருஷன் போன பிறகு மகனை வளர்த்ததும், அவனை ஐஸ் கம்பெனியில் சேர்த்ததும் அந்த வலது கைதான். அந்தக் கையைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் கர்வம் உண்டு.

மருமகளை அவள் கூப்பிடுவது "நர்சம்மா" என்று. மரியாதைபோலக் கேட்கும், மரியாதை இல்லை.

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றியே நர்சம்மா, என்னதான் வேலைன்னு கேட்டா காதைத் திருகுனேங்கிற."

"திருகல அத்தை. அழுத்தறது."

"எங்க வாத்தியாரும் அழுத்தித்தான் திருகுனாரு. எனக்குக் கணக்கு வந்துச்சா?"

"வலி குறையுது அத்தை. நெசமாவே குறையுது."

"குறையும் குறையும். காதை விட்டா போதும்னு குறைஞ்சிருச்சும்பான்."

மகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டான். இரண்டு பெண்களுக்கு நடுவில் தலை நிமிர்த்தாமல் சாப்பிடுவதில் அவனுக்கு ஆறு வருஷப் பயிற்சி. அதற்குச் சான்றிதழ்தான் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கெளுத்தி மீனின் முள் அத்தையின் ஆள்காட்டி விரலின் அடியில் ஏறியது. பல்லால் கடித்து முள்ளை இழுத்துத் துப்பிவிட்டு மீதி மீனை வெட்டினாள். சனிக்கிழமை வீங்கியது. ஞாயிறு சந்தைக்குக் கூட்டம் வரும் நாள், அன்று லீவு போட முடியுமா? துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். திங்கட்கிழமை கத்தி கையைவிட்டு நழுவிப் பலகையில் விழுந்தது. பக்கத்துப் பலகைக்காரி பயந்துபோய் மகனுக்குச் சொல்லி அனுப்பினாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கத்தி விழுந்ததை அவள் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சர்ஜன் விரலடியை மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி, சீழை எடுத்து, புண்ணைத் திறந்தபடியே விட்டுக் கட்டினார். கால் மணி நேர வேலை. "ரெண்டு நாள் இருந்து ஊசி போட்டுக்கங்க. சரியாயிடும்" என்றார். பதினோராம் கட்டில் கிடைத்தது. பதினோராம் கட்டில் மருமகள் பார்க்கிற வரிசையில் இருந்தது.

பெரிய சிஸ்டருக்கு இதில் ஒரு கவலை வந்தது. கட்டிலின் காலடியில் நின்று மருமகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உன் மாமியாரா? வேற வார்டுக்கு மாத்தலாம்னா இடமில்ல. இங்க பாரு, வியாழக்கிழமை தலைமை அலுவலகத்துலேருந்து வர்றாங்க. எல்லாருக்கும் குறைஞ்சு உன் மாமியாருக்கு மட்டும் குறையலேன்னு வச்சுக்க, என்ன பேசுவாங்க? ஒண்ணு, திட்டம் சரியில்லைம்பாங்க. இல்ல, மருமக வேணும்னே ஒழுங்கா அழுத்தலைம்பாங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் உன் நிரந்தரம் போச்சு."

"பாத்துக்கறேன் மேடம்."

கத்தியக்கா கண்ணை மூடியிருந்தாள். சந்தையில் உட்கார்ந்து பழகியவள் கண்ணை மூடினால் தூங்குகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது.

சாயங்காலம் ஊசியின் மரப்பு விட்டது. மருமகள் அட்டையுடன் வந்து நின்றாள்.

"எத்தனை அத்தை? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்க முடியல."

"ஏழு" என்றாள் அத்தை. "மூஞ்சி படமெல்லாம் வேணாம். எனக்கே ஒண்ணு இருக்கு."

மருமகள் அவள் காதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஒரே வீட்டில் ஆறு வருஷம். தட்டு கைமாறும்போது விரல் பட்டிருக்கும், அவ்வளவுதான். தோடு போட்டு நீண்டுபோன துளை, அதற்கு மேல் எப்போதோ ஒட்டிக் காய்ந்த ஒரு மீன் செதில். அதை நகத்தால் எடுத்தாள். நான்கு விதைகளை ஒட்டி மெதுவாக அழுத்தினாள். அத்தை முதலில் தோளை இறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நிமிடம் தோள் இறங்கியது.

"சூடா இருக்கு உன் வெரலு."

"இப்ப எத்தனை அத்தை?"

யோசித்துவிட்டு, "அஞ்சு" என்றாள். அது நிஜம். அன்று அவள் சொன்ன இரண்டு எண்ணும் நிஜம். ஐந்து என்பதால் சர்ஜன் கூப்பிடப்பட்டார். வந்தார், பார்த்தார், "முதல் நாள் அப்படித்தான்" என்று ஓர் ஊசி எழுதிவிட்டுப் போனார். பெரிய சிஸ்டர் அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சும் பதினோராம் கட்டிலுக்குக் கேட்டது.

புதன்கிழமை காலை.

"எத்தனை அத்தை?"

"ரெண்டு."

மருமகள் அட்டையிலிருந்து நிமிர்ந்தாள். "நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போகுது? ரெண்டு. நல்லாத்தான் அழுத்துற."

நல்லாத்தான் அழுத்துற. ஆறு வருஷத்தில் குழம்புக்கு ஒரு "பரவாயில்ல" கிடைத்ததில்லை. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவைக்கு "கலர் போகும்" என்ற ஆரூடம் கிடைத்தது, அதுவும் பலித்தது. அப்படிப்பட்ட வாயிலிருந்து வந்த இரண்டு அது. வலியின் அளவாக அதை அவள் காதில் வாங்கவில்லை. பரிசாக வாங்கினாள். பரிசைத் திருப்பிப் பார்த்து ஓட்டை தேடுகிறவர்கள் யார் இருக்கிறார்கள்? அழகான கையெழுத்தில் எழுதினாள்.

பயிற்சி டாக்டர் ஒருவர் கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. அவரை நாற்காலி அடுக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை வருகிறவர்கள் உட்கார வேண்டாமா? அவர் ஓடிவந்து அட்டையைப் பார்த்தார். "ரெண்டுதானே? நாளைக்குப் பிரிச்சுக்கலாம்" என்று மேல்துணியை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி நாற்காலிக்கு ஓடினார்.

மத்தியானமும் இரண்டு. சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. அத்தையின் மேலுதட்டில் வேர்வை. கட்டுக்கு வெளியே தெரிந்த ஆள்காட்டி விரலின் நுனி வளைந்து, கொக்கிபோல் நின்றது.

"விரலைக் கொஞ்சம் நீட்டுங்க அத்தை, பாக்கலாம்."

"கட்டுக்குள்ள எதுக்கு நீட்டணும்? ரெண்டுன்னு சொல்லியாச்சுல்ல? நீ காதைப் பாரு."

அவள் காதைப் பார்த்தாள். படித்த படிப்பில் இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் உண்டு: கையில் சீழ் பிடித்தவரின் விரல் வளைந்து நின்று, நீட்டினால் உயிர் போகிறதென்றால் உடனே சொல்ல வேண்டும் என்று. அந்தப் பாடம் அவள் மனசின் வாசல்வரை வந்து நின்றது. உள்ளே இரண்டு உட்கார்ந்திருந்தது, இடமில்லை.

பன்னிரண்டாம் கட்டிலில் கால் நகம் எடுத்த தையல்காரி. அவள் மருமகளைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நீங்க அந்தாண்ட போனதும் அவங்க போர்வையைக் கடிக்கிறாங்க."

"என்ன அத்தை இது?"

"பல்லு அரிக்குது" என்றாள் அத்தை. "நகம் போனவளுக்கு நாக்கு நீளுது பாரு. உன் தையல் மெஷின் மாதிரி ஓயாம ஓட்டாத தாயி."

வார்டு சிரித்தது. மருமகளும் சிரித்தாள். சாயங்காலம் எண் ஒன்றாக இறங்கியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகம் வந்தது. தலைமை அலுவலகம் என்றால் மூன்று பேர், ஒரு பூங்கொத்து, ஒரு புகைப்படக்காரர். முதலாமவர் பேசினார். "காது நம் உடம்பின் வாசல்" என்று ஆரம்பித்தார். அந்த வாசலில் இருபது நிமிடம் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. பெரிய சிஸ்டர் பதினோராம் கட்டிலுக்கு அவர்களைக் கூட்டிவந்தார். ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்கிய கட்டில் வார்டில் அது ஒன்றுதான்.

"அம்மா, இப்ப வலி எவ்வளவு?" என்று குனிந்து கேட்டார் முதலாமவர்.

அத்தையின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. காலையிலிருந்து காய்ச்சல். ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. "பூஜ்யம்யா. என் மருமக கை அப்படி."

என் மருமக. எல்லாரும் கை தட்டினார்கள்.

புகைப்படக்காரர் அவள் இருந்தபடியே ஒரு படம் எடுத்துவிட்டு முன்னால் வந்தார். "அம்மா, காதைத் தொட்டுக் காட்டற மாதிரி ஒரு படம்." அத்தை இடது கையைத் தூக்கினாள்.

"அந்தக் கை வேணாம்மா. கட்டுப் போட்ட கை. அப்பத்தானே ஆபரேஷன் ஆனவங்கன்னு தெரியும்? ஆள்காட்டி விரலால காட்டுங்க. விரல் வளையுதே... நேரா... இருங்க, நான் வைக்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. கல்யாண வீடுகளில் ஆயிரம் பேரின் முகவாயை நிமிர்த்தியவர். அதே பக்குவத்தோடு அந்த விரலைப் பிடித்து நேராக்கினார்.

அத்தை கத்தவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு மூச்சு மட்டும் வெளியே போனது. கண் மேலே சொருகியது. படுக்கை நனைந்தது. பூங்கொத்து வைத்திருந்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற சர்ஜன் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து கத்தரியால் கட்டை வெட்டினார். விரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக, மினுமினுவென்று, கருஞ்சிவப்பாக இருந்தது. உள்ளங்கை வரை பரவியிருந்தது.

"நேத்தே தெரிஞ்சிருக்கணுமே! வலி எத்தனை சொன்னாங்க?"

மருமகள் அட்டையை நீட்டினாள். ஏழு, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. சர்ஜன் அட்டையைப் பார்த்தார். அழகான கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னார்.

அன்றே ஓர் ஆபரேஷன். திங்கட்கிழமை இன்னொன்று. விரலை மடக்குகிற நரம்பு செத்துவிட்டது என்றார்கள். ஆள்காட்டி விரலை உள்ளங்கை எலும்போடு எடுத்தார்கள். நடுவிரல் தங்கியது, ஆனால் மடங்காது. கை பிழைத்தது, கத்தி பிடிக்கிற கை பிழைக்கவில்லை. மகன் கையெழுத்துப் போடும்போது, "அம்மா எதைப் புடிச்சு வெட்டும்?" என்று சர்ஜனிடம் கேட்டான். அவன் அந்த வாரத்தில் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. காதும் காதும் வைத்தாற்போல முடிந்தது. காதுத் திட்டத்துக்கும் கைக்கும் தொடர்பில்லை, நோயாளிக்கு இறுதிவரை வலி கட்டுப்பாட்டில் இருந்தது என்று எழுதினார்கள். மருமகள் பெரிய சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"அந்த நம்பரையெல்லாம் அடிச்சிருங்க மேடம். அது பொய்."

"நோயாளி சொல்றதுதாம்மா வலி. அதை நாம எப்படி மாத்தறது?"

சரியான வாக்கியம். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மருமகள் வெளியே வந்தாள். மருத்துவமனை வெளியிடும் மாத மலரின் அடுத்த இதழ் முகப்பில் அத்தையின் படம் வந்தது. காது மட்டும் இருந்தது, நான்கு விதைகளோடு. கையைப் படத்திலும் வெட்டியிருந்தார்கள். அதே வாரம் நிரந்தர உத்தரவும் வந்தது. பிரித்துப் பார்க்காமல் கைப்பையில் வைத்திருந்தாள்.

வீட்டில் ஒரு மத்தியானம். மகன் வேலைக்குப் போயிருந்தான். கட்டு மாற்றுவதற்காக மருமகள் கிண்ணமும் பஞ்சும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். அத்தை நாற்காலியில் இருந்தபடி கையை அவள் மடியில் வைத்தாள். தெரு ஜன்னல் திறந்திருந்தது.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"எத?"

"ரெண்டு."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினாள். "உங்க பெரிய சிஸ்டர் பேசுனது எனக்குக் கேட்டுச்சு. என் வாயி ஊருக்கே தெரிஞ்ச வாயி. ஏழுன்னு சொன்னா, மருமக சோத்துல மண்ணைப் போடத்தான் சொல்றான்னு பேசுவாளுக. எனக்கு அது வேணுமா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ரகசியமா."

"உன்கிட்ட சொன்னா நீ எழுதிருவ. உனக்குப் பொய் எழுதத் தெரியாது. அதான் பொய்ய நானே சொல்லிட்டேன்."

மருமகள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"மொத தடவைதான் உனக்காகச் சொன்னேன்" என்றாள் அத்தை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரெண்டுன்னதும் உன் மொகம் இருந்துச்சு பாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல. அப்பறம் அந்த மொகத்தப் பாத்து ஏழுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உள்ள என்னமோ ஓடுது, எலும்புக்குள்ள எலி ஓடுற மாதிரி. இன்னிக்கி ஒரு நாள், இன்னிக்கி ஒரு நாள்னு இருந்தேன். சின்ன முள்ளுதானே, என்ன செஞ்சிரும்னு இருந்தேன்."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும் அத்தை. விரலைப் பாத்தேன். பாத்துட்டு எழுதினேன்."

"ம்."

அத்தை இல்லை என்று சொல்லவில்லை. சமாதானம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. புதிதாக ஆரம்பிக்கவும் இல்லை. மருமகள் பழைய கட்டைப் பிரித்தாள். விரல் இருந்த இடத்தில் தையல் ஓரமாக ஓடியிருந்தது.

"இப்ப வலிக்குதா?"

"எழுதப் போறியா?"

"இல்ல."

"இல்லாத வெரலுதான் வலிக்குது. முள்ளு இன்னும் அதுலயே இருக்கு. போன வெரலோட அதுவும் போயிருக்கணும்ல? போகல."

"எத்தனை அத்தை?"

அத்தை கீழுதட்டைப் பல்லால் பிடித்திருந்தாள். மருமகள் காத்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் பழக்கத்தில் காதைத் தேடி எழுந்தது; அதை மடக்கிக்கொண்டாள். அழுத்தவும் இல்லை, தடவவும் இல்லை. கையை மட்டும் கீழிருந்து தாங்கிக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"எத்தனை?"

"ஒம்போது" என்றாள் அத்தை. சொன்னதும் வாய் கோணியது. "ஒம்போதுடி. அன்னிக்கிலேருந்து ஒம்போது..."

அப்புறம் அவள் கத்தினாள். சந்தையில் பத்துப் பலகை தாண்டிக் கேட்கிற அதே குரல். வார்டில் போர்வைக்குள் கடித்துவைத்த மூன்று நாளும், அதற்குப் பிறகான நாட்களும் அதில் வெளியே வந்தன. மருமகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தவில்லை.

தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுக்காரி ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். அழுகிற மாமியாரையும், அவள் கையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்த மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ணுன அவங்கள?"

"கேட்டேன்க்கா" என்றாள் மருமகள்.